மொழிபெயர்ப்புக்குத் தொண்ணூறு

அன்பிற்குரிய கணவர் அவர்களுக்கு வள்ளி எழுதுவது.

நான் சரோஜினி நகர்ச் சந்தைக்குச் செல்கிறேன். தயிர்ச்சோறு மூடி வைக்கப்பட்டுள்ளது.

தில்லியே திரண்டு பார்க்கும், நேற்று நாம் பார்த்த அந்த இந்திப் படத்திற்கு என் மதிப்பெண் முப்பது. நாயகன் வீரமுடையவன், ஆயினும் அறிவு குறைந்தவன். தாங்கள் என் காதில் ஓதிய தமிழாக்கத்திற்குத் தொண்ணூறு. அவன் மனைவியின் முன் மண்டியிட்டு, "முஜே மாஃப் கர் தோ" என்று கதறினான். தாங்களோ, "முட்டி வலிக்குதுன்னு அழறான்டி" என்றீர்கள். காய்கறிக்கார பையாவிடம் நாள்தோறும் இந்தியில் உரையாடும் எனக்கு, அது மன்னிப்புக் கேட்டல் என்று தெரியும். ஆகவே சிரித்தேன். அதற்காக நேற்றிலிருந்து தாங்கள் வாய் திறவாமை முறையன்று.

இங்ஙனம்,
வள்ளி

பின்குறிப்பு: ஊறுகாய் மேல் அலமாரியில் உள்ளது.

மற்றுமொன்று: ஞாயிறன்று அடுத்த படத்திற்கும் வருகிறேன். தாங்கள் பேசாதிருந்தால் கதை எனக்குச் சரியாக விளங்கிவிடும். அது வேண்டாம்.