கட்டிலில் தொங்கும் அட்டை

செவ்வாய்க்கிழமை



இனிக் குணமாகாது என்று டாக்டர்கள் சொன்ன பிறகு, கடைசி நாட்களாவது வலியில்லாமல் கழியட்டும் என்று என் மனைவி சரோஜாவை ஜவளகிரிப் பக்கத்துப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தேன். வேளாவேளைக்கு வலி எவ்வளவு என்று நர்ஸ் குறித்து வைக்கும் அட்டை கட்டிலில் தொங்கும்; தினமும் அதைச் சரிபார்ப்பேன். வலி என்று எழுதியிருந்தால் நர்ஸிடம் சண்டை போடுவேன்.

இன்று காலை பதினோரு மணிக்கே, இரவுக்கான கட்டத்திலும் ‘வலி இல்லை’ என்று எழுதியிருந்தது.

“ராத்திரி வலிக்காதுன்னு இப்பவே எப்படிம்மா தெரியும்?” என்று நர்ஸைக் கேட்டேன்.  சரோஜாதான் பதில் சொன்னாள்.

“அவள ஏன் வையறீங்க? நான்தான் எழுதச் சொன்னேன். நெசத்த எழுதினா, இங்க கவனிப்பு சரியில்லன்னு என்னைய பெங்களூரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவீங்க. அந்த ரோட்டுல குலுங்கறதுக்கு இந்த வலியே தேவல.”

அந்த அட்டையைப் பார்த்துத்தான் டாக்டர் வலி மருந்தைக் கூட்டுவார். மூன்று வாரமாகக் கூட்டவில்லை. நான் சண்டை போட்டுப் போட்டு அவளுக்கு மருந்து கிடைக்காமல் செய்திருக்கிறேன்.

“இப்ப வலி எவ்வளவு?”

“சத்தம் போட மாட்டீங்களே?”

மாட்டேன் என்றேன். பத்துக்கு எட்டு என்றாள்.

நர்ஸ் என் முகத்தைப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுத்தாள்.