முதல் குடம்

மார்ச் 3

தங்கைக்கு,

கீழத் தெருவில் பதினோரு வீடுகளில் டைபாய்டு வந்ததற்கு நான் குடிநீர்த் தொட்டியில் குளோரின் போடாததே காரணம் என்று நீ அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அது பொய்.

இருபத்தாறு வருடமாகத் தொட்டிக்கு மருந்து போட்டு, வால்வு திறந்துவிடுகிறவன் நான். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சாவியை வாங்கிக்கொண்ட மேற்பார்வையாளர், "உங்க தங்கச்சியே எழுதிட்டாங்க பெரியவரே, நான் என்ன பண்ண?" என்றார். அதுதான் நெஞ்சில் நிற்கிறது.

உன் அண்ணியும் ஆறு நாளாகப் படுக்கையில். நீ சுகாதார அதிகாரி, நான் எட்டாவது படித்தவன். இருந்தும் கேட்கிறேன்: தொட்டியில் கோளாறு என்றால், அதே தண்ணீரைக் குடிக்கும் மேலத் தெருவில் ஏன் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை?

அண்ணன்

மார்ச் 8

அன்புள்ள அண்ணா,

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் பதிவேட்டில் நான்கு நாட்கள் உங்கள் கையெழுத்து இல்லை. கீழத் தெருக் குழாயில் இரண்டு முறை மாதிரி எடுத்தோம், இரண்டும் சுத்தம். வேறு எப்படி எழுதுவேன்?

அண்ணிக்குக் காய்ச்சல் இறங்கியதும் மாத்திரையை நிறுத்திவிட்டாராமே? இந்தக் கிருமி குடலிலிருந்து ரத்தத்தில் கலக்கும். பாதியில் விட்டால் திரும்பி வரும், குடலில் ஓட்டைகூடப் போடும். எனக்காக வேண்டாம், அவருக்காகக் கேளுங்கள்.

தங்கை

மார்ச் 12

தங்கைக்கு,

மாத்திரை கொடுத்துவிட்டேன். உனக்காக அல்ல.

அந்த நான்கு நாளும் தொட்டியில் மருந்து போட்டேன், கையெழுத்துப் போட மறந்தேன். நிற்க.

கீழத் தெருவில் வீடு வீடாகப் போய் ஒரே கேள்வி கேட்டேன்: "எப்போ தண்ணி பிடிப்பீங்க?" படுத்த பதினோரு வீடும் விடிந்ததும் முதல் அரை மணியில் பிடிப்பவை. எட்டு மணிக்குமேல் எழுந்து பிடிக்கிற தையல்காரர் வீட்டில் எல்லோரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்கள். "சோம்பேறின்னு திட்டுவீங்களே, இப்போ சொல்லுங்க" என்று சிரிக்கிறார்.

இரவில் வால்வை மூடியதும் குழாய் காலியாகும். கீழத் தெருவுக்குப் போகும் குழாய் மட்டும் சாக்கடைக்கு அடியில் கடக்கிறது. அங்கே விரிசல் இருந்தால் சாக்கடை உள்ளே கசியும்; காலையில் திறந்ததும் அதுதான் முதலில் வெளியே வரும். உன் ஆட்கள் வந்தது பத்து மணிக்கு. அதுவும் குழாயை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு பிடித்தார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தெருவில் முதல் குடம் எப்போதும் என் வீட்டுக்குத்தான். திறந்துவிடுகிறவன் வீடு என்ற பெருமை. அந்தப் பெருமைதான் உன் அண்ணியைப் படுக்க வைத்தது.

விடியும்போது ஆள் அனுப்பி முதல் குடத்தைச் சோதித்துப் பார்.

அண்ணன்

மார்ச் 17

அண்ணா,

நானே விடியற்காலையில் வந்து பிடித்தேன். உங்கள் வீட்டைத் தாண்டித்தான் போனேன். கதவைத் தட்டத் துணிவில்லை. முதல் குடத்தில் மலக்கிருமி இருக்கிறது, குளோரின் துளியும் இல்லை. பத்து மணித் தண்ணீர் சுத்தம்.

உங்களைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அண்ணனுக்குச் சலுகை காட்டினாள் என்பார்களே என்று பயந்தேன். இனி என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்.

தங்கை

மார்ச் 20

தங்கச்சிக்கு,

சொல்கிறேன், எழுதிக்கொள்.

மேற்பார்வையாளர் சாக்கடையைத் தோண்டிக் குழாயையே மாற்ற வேண்டும். ரப்பர் சுற்றி மூடிவிட்டுப் போகக் கூடாது. அதுவரை கீழத் தெருக்காரர்கள் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும், தையல்காரர் உட்பட. காய்ச்சல் விட்டவர்களும் மாத்திரையை முடிக்க வேண்டும். கழிப்பறை போய்வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நம் தெருவில் காய்ச்சலில் படுத்து எழுந்த மெஸ் சமையல்காரர் மலப் பரிசோதனை முடியாமல் கரண்டியைத் தொடக் கூடாது. உடம்பு தேறினாலும் கிருமி உள்ளே தங்கியிருக்கலாம் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். உன் ஆட்கள் இனி முதல் தண்ணீரிலும் மாதிரி எடுக்க வேண்டும்.

தொட்டிச் சாவி திரும்பக் கைக்கு வந்ததும், நான் மருந்து போட்ட கையோடு கையெழுத்தும் போட வேண்டும்.

நீ, பழைய அறிக்கை ஒட்டிய அதே அறிவிப்புப் பலகையில் புதியதை ஒட்ட வேண்டும். பிறகு வீட்டுக்கு வந்து, இந்த முறை கதவைத் தட்ட வேண்டும். உன் அண்ணி திறப்பாள். நான் குழாய்ப் பள்ளத்தில் இருப்பேன். அங்கே வந்தால் மேலேயே நின்று பேசு, செருப்பெல்லாம் சேறாகிவிடும்.

அண்ணன்