மைத்துனர் வருவதற்குள் ஒரு ரிலே

9 மே 1994, திங்கள்

காலையிலேயே வெயில். திருத்த வேண்டிய விடைத்தாள் இன்னும் நாற்பது. பிரிட்ஜ் சரியில்லை. உர்ரென்று தொடங்குகிறது, அரை நிமிடத்தில் 'டக்', பிறகு மௌனம். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் அதே முயற்சி. உள்ளே விளக்கு மட்டும் பிரகாசம். எங்கள் கல்லூரி நிர்வாகத்தில் பார்த்த காட்சிதான்.

கெட்டுப்போனவை: பால், தக்காளி, நேற்றைய குழம்பு. கெடாதது: சரசுவின் வைராக்கியம். கல்யாணமாகி இருபத்தாறு வருடமாக அப்படியே இருக்கிறது.

மெக்கானிக்கைக் கூப்பிடலாமா என்றேன். "மெதுவாப் பேசுங்க" என்றாள்.

பிரிட்ஜ் அவள் அண்ணன் கொடுத்தது. மகள் சடங்குக்குப் பல்லடத்திலிருந்து வேனில் வந்த தாய்மாமன் சீர். பொட்டு வைத்து, மாலை போட்டு இறக்கினார்கள். அந்த அண்ணன் வெள்ளிக்கிழமை வருகிறார். இரண்டு வருடத்துக்குப் பிறகு.

"சீராக் குடுத்தது நின்னு கெடந்தா அண்ணன் என்னங்க நெனைப்பாரு? என்னையத்தான் உட்டாங்க, நான் குடுத்ததையும் உட்டுப்போட்டாங்கன்னு நெனைக்க மாட்டாரா?"

10, செவ்வாய்

மேகம் உண்டு, மழை இல்லை. பக்கத்து வீட்டு ருக்மணியம்மாள் வழக்கம்போல் மாவுப் பாத்திரத்தோடு வந்தார். எங்கள் பிரிட்ஜில் இரண்டாவது தட்டு அவருடையது. எழுதப்படாத ஒப்பந்தம்.

"இன்னைக்குப் பிரிட்ஜைக் கழுவறமுங்க அக்கா" என்றாள் சரசு.

"நேத்தும் கழுவுனீங்களே அம்மணி?"

"நேத்து மேல்தட்டுங்க."

விடைத்தாள் பதினெட்டு முடிந்தது. கேள்வி: போர் மூண்டதற்கான காரணங்கள். ஆளுக்கு ஆறு எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் போருக்கு ஒன்றே ஒன்று. இரண்டு வருடத்துக்கு முன் மச்சான் தன் மகன் கல்யாணப் பத்திரிகை கொண்டு வந்த அன்று வீடு பூட்டியிருந்தது. ருக்மணியம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கூடப் பிறந்தவளைக் கையில் கொடுத்து அழைக்கவில்லை. சரசு கல்யாணத்துக்குப் போகவில்லை. நானும் போகவில்லை, எனக்கென்று ஒரு கருத்து இருந்ததாக நினைவில்லை.

கல்யாணம் முடிந்த கையோடு ஒருமுறை, துக்க வீட்டுக்குப் போகிற வழியில், வாசல்வரை வந்தார். நின்றபடியே பேசிவிட்டுப் போனார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எங்கள் பக்கம் கை நனைக்காமல் போவதென்றால் உறவு அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை அவர் கை நனைப்பாரா? சரசு இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. பாத்திரம் வைக்கிற சத்தத்தில் தெரிகிறது.

11, புதன்

மெக்கானிக் ஆரோக்கியசாமி வந்தார். உத்தரவுப்படி பின்வாசல் வழியாக. கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ருக்மணியம்மாள் பார்த்துவிட்டார்.

"ஒறம்பரைங்களா?"

"ஆமாங்க அக்கா. கிணத்துக்கடவு. இவிய வகையில" என்றாள் சரசு. என் வகையில் உறவினராம்!

"பேரு என்னங்க?"

"ஆரோக்கியசாமிங்க."

ருக்மணியம்மாள் சற்று யோசித்தார். "நல்ல பேருங்க. இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க." இந்த ஊர் மரியாதை இப்படித்தான், எல்லாம் தெரிந்துகொண்டு, ஒன்றும் கேட்காது.

பிரிட்ஜைத் திருப்பி, பிளக்கைப் பிடுங்கி, கம்ப்ரசர் பக்கவாட்டில் செருகியிருந்த தீப்பெட்டி அளவுச் சமாச்சாரத்தைக் கழற்றினார். உள்ளே கரி. மீட்டர் வைத்துப் பார்த்தார்.

"கம்ப்ரசர் தங்கமாட்டம் இருக்குதுங்க. ரிலேதான் போச்சு. மோட்டார் கெளம்பற வரைக்கும் தள்ளி உடறது இதோட வேலைங்க. கெளம்பிருச்சுன்னா கையை எடுத்துக்கோணும். இது எடுக்காம ஒட்டிக்கிச்சு. சூடேறி நின்னுபோகுது."

கையை எடுக்கத் தெரியாத சில உறவினர் முகங்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. அதில் என் முகம் இல்லை. பெருமைப்பட ஒன்றுமில்லை. நான் தள்ளிவிட்டதே கிடையாது. இரண்டு வருடத்தில் பல்லடத்துக்கு ஒரு போன் போடவில்லை. அண்ணன் தங்கை விவகாரம் என்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

12, வியாழன்

டவுனில் நான்கு கடை ஏறி இறங்கி ரிலே வாங்கினேன். முதல் மூன்றில் 'எந்த கம்ப்ரசருங்க?' என்றார்கள். பழையதைப் பையில் கொண்டுபோயிருந்தேன் என்பது நான்காவதில்தான் ஞாபகம் வந்தது.

ஆரோக்கியசாமி அதைக் கம்ப்ரசரின் மூன்று முள்ளில் வைத்து அழுத்தினார். "மேல் பக்கம் மேலயே இருக்கோணுங்க. தலைகீழாப் போட்டா இதுவும் ஒட்டிக்கும்." பிளக். உர்ர். மூவரும் கடிகாரத்தைப் பார்த்தோம். அரை நிமிடம். ஒன்று. இரண்டு. 'டக்' இல்லை. சரசு கும்பிட்டாள், பிரிட்ஜையா, அவரையா, தெரியவில்லை.

உறவினர் என்று சொன்னதற்காகக் கோழிக்குழம்போடு சாப்பாடு. "அடுத்த தடவையும் இதே சொந்தமா வாரனுங்க" என்றார்.

மாலையில் ஆறு பாட்டில் தண்ணீர் உள்ளே போனது.

13, வெள்ளி

பதினொரு மணி. மச்சான், அவர் மனைவி, தட்டு, பேரன் காதுகுத்துப் பத்திரிகை. சரசு கையிலேயே கொடுத்தார். வாங்கிக்கொண்டாள். மச்சான் உட்காரவில்லை. பிரிட்ஜ் சமயம் பார்த்து உர்ரென்று கிளம்பியது.

"நல்லா ஓடுதா கண்ணு?"

"ஒரு நாள் நின்னதில்லீங்கண்ணா."

"ரிலே மாத்துனீங்களாமா. ருக்மணியம்மா போன்ல சொன்னாங்க." சரசு என்னைப் பார்த்தாள், நான் பத்திரிகையைப் பார்த்தேன். "எனக்கொரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே வந்திருப்பனல்ல. வாரதுக்கு ஒரு சாக்கு இல்லாமத்தான் ரெண்டு வருசமா உக்காந்திருந்தேன்."

சரசு பிரிட்ஜைத் திறந்தாள். பாட்டிலை எடுத்து டம்ளரில் ஊற்றி நீட்டினாள். அவர் டம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஐஸ் தண்ணி பல்லுக்கு ஆகறதில்ல கண்ணு. பானைத் தண்ணி குடு."

நாற்காலியில் உட்கார்ந்து குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார்.

"ஏனுங்க, நின்னுட்டே இருக்கீங்க, போய் எலை வாங்கிட்டு வாங்க" என்றாள் சரசு. எத்தனை என்றேன்.

"மூணு. நானும் அண்ணங்கூடவே உக்காந்துக்கறேன்."

பரிமாறுவது யார் என்று நான் கேட்கவில்லை.