புல் கிடங்கில் கல்யாணப் பூசை

கிள்ளான்,
புதன்கிழமை

அன்பு மகள் எவலினுக்கு அப்பா எழுதுவது. உன் கல்யாணப் பூசைக்கு அந்தப் பழைய கோயில் கிடைத்துவிட்டது. உட்கார்ந்துகொண்டு மேலே படி. இங்கே நானும் அம்மாவும் சுகம், கடையும் சுகம், அங்கே பிரான்சில் நீயும் மாப்பிள்ளையும் பண்ணை ஆடுகளும் சுகமாயிருக்க மாதா துணை.

பங்குச் சாமியார் ஆயரிடம் அனுமதி வாங்கிய பிறகும் கோயில் நிற்கிற உன் பண்ணையின் சொந்தக்காரர் கஸ்தோன் மாட்டேன் என்கிறார் என்று நீ அழுததிலிருந்து எனக்குக் கடையில் கை ஓடவில்லை. தொள்ளாயிரம் வருஷத்துக் கோயிலைப் பாட்டன் காலத்திலிருந்தே புல் கிடங்காக வைத்திருக்கிறார், அத்தனை புல்லையும் எங்கே கொண்டுபோய்ப் போடுவார், அந்தக் கவலை ஒரு வியாபாரிக்குத்தான் புரியும். அதனால் உன்னிடம் சொல்லாமல் நேற்று மூன்று மணிக்கு, பிரிக்பீல்ட்ஸில் பிரெஞ்சு படிக்கிற உன் அத்தை மகன் ரோனியைக் கடைக்கு வரவழைத்து கஸ்தோனை வீடியோவில் கூப்பிட்டேன். மனுஷர் நல்லவர், போனைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்து காட்டினார். முப்பது வருஷமாக வெங்காயக் கிடங்கு வைத்திருக்கிறேன், அப்படி ஒரு கிடங்கை நான் பார்த்ததில்லை. சுவர் கனத்தில் ஓர் ஆள் படுக்கலாம், சன்னல் கையகலம், கூரை கல்லாலேயே வளைந்து நிற்கிறது. தூண் உச்சியில் முழி பிதுங்கிய கல் சிங்கம், அதன் தாடைவரை புல்லுக்கட்டு. பீடம் இருந்த அரைவட்டத்தில் ஆட்டுத் தொட்டி. ஆட்டுக்கொட்டகையிலா தாலி என்று முணுமுணுத்த அம்மாவிடம், ஆண்டவர் பிறந்த இடத்தை ஞாபகப்படுத்தினேன், அதோடு சரி.

புல்லை இரண்டு நாள் வெளியே பலகை மேல் அடுக்கி கென்வாஸ் போர்த்தினால் மழை என்ன செய்யும் என்றேன். கிழவர் யோசித்து, ஆள் வைத்து இறக்கி ஏற்ற எண்ணூறு யூரோ ஆகும் என்றார். நான் பழக்கதோஷத்தில் முந்நூறு என்றேன். முடியாது என்றார். உடனே நம் பாசாரில் செய்வதுபோல் விருட்டென்று திரும்பிக் கடை வாசல்வரை நடந்தேன், "பாஸ், வாங்க வாங்க" என்று கூப்பிடுவார் என்று. கூப்பிடவில்லை. ரோனி, "மாமா, அவரு போனை வெச்சிட்டாருலா, நீங்க கோவிச்சிக்கிட்டு போயிட்டீங்கன்னு நினைச்சிட்டாரு" என்றான். அம்மா, "ஏங்க, பெத்த பொண்ணு கல்யாணத்துலயுமா பேரம்? நீங்களே அவகிட்ட சொல்லிக்குங்க" என்று எழுந்து போய்விட்டாள். பன்னிரண்டு முறை அடித்தோம், எடுக்கவில்லை. மகள் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன்.

ஆறு மணிக்கு அவரே கூப்பிட்டார். பாலாடைக்கட்டி கொடுக்கச் சந்தைக்குப் போயிருந்தாராம். எங்கே நடந்து போனீர்கள் என்று கேட்டார். ரோனி விளக்கியதும், எங்கள் மாட்டுச் சந்தையில் என் அப்பாவும் இப்படித்தான் நடப்பார், கூப்பிடாதது என் தப்பு என்று தொடையில் தட்டிச் சிரிக்கிறார், நானும் சிரிக்கிறேன், ரோனிக்கு மொழிபெயர்க்க முடியவில்லை. நேற்றிலிருந்து நான் கல்லாவில் சும்மா சிரிக்கிறேன் என்று வாடிக்கைக்காரர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர், குறையில்லாமல் வாழுங்கள். அம்மாவுக்கு உடனே போன் செய், எனக்கு ஒரு ஜோடி தடித்த கையுறை வாங்கி வை. பேசி முடித்தது இதுதான்: வாடகை இல்லை, கூலி இல்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை நானூற்றுப் பன்னிரண்டு கட்டுப் புல்லையும் வெளியே இறக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை திரும்ப உள்ளே அடுக்க வேண்டும், கூலி ஆள் வைக்கக்கூடாது, வீடியோவில் நடந்து போனவரே சுமக்க வேண்டும்.

சம்மதித்துக் கையொப்பமிடும்
உன் அப்பா,
அம்புரோஸ்