எஸ்தருக்கு விடுமுறை

பிப்ரவரி 3, புதன்

காலையில் பனி. வெந்நீர் போட்டேன். ஹெப்சியின் கம்பளித் தொப்பியைக் காணோம் என்று தேடினால், பேத்தியுடையதை அத்தை தலையில் மாட்டியிருக்கிறார்.

எஸ்தர் போனில் பேசினாள். மாலத்தீவுக்கு நம் நாடு அன்பளிப்பாக அனுப்பிய கொரோனா தடுப்பூசி, அவள் இருக்கும் தீவுக்கும் படகில் வந்துவிட்டதாம். அங்கே ஆஸ்பத்திரி என்றால் ஆறு கட்டில், இரண்டு நர்ஸ். நேற்று முழுக்க ஊசி போட்டிருக்கிறாள். "பெட்டியில நம்ம நாட்டுப் பேரு போட்டிருக்கு. ஒவ்வொண்ணையும் ஒரு தடவை தடவிட்டுத்தான் திறக்கேன்" என்றாள்.

பொறாமை. ஒரு அட்டைப்பெட்டியின் மேல்.

பிப்ரவரி 5, வெள்ளி

எனக்கு இன்னும் ஆன்லைன் வகுப்புதான். பாடம்: இந்தியாவும் அண்டை நாடுகளும். தடுப்பூசி கொடுப்பதும் ஒரு வெளியுறவுக் கொள்கை என்று விளக்கிக்கொண்டிருந்தேன். முக்கூடல் மாணவி ஒருத்தி மைக்கைத் திறந்தாள். "சார், எங்கம்மாவுக்கு முன்னாடி அவங்களுக்கா?"

நியாயமான கேள்வி. பதில் சொன்னேன்; சரியான பதில்தான். அந்த ஊசியை அங்கே போடுகிறவள் என் மனைவி என்று மட்டும் சொல்லவில்லை.

வாங்க: ரவை, கொசுவத்தி, ஹெப்சிக்குச் செருப்பு (பழையது பத்தவில்லை).

மளிகைக்கடை அண்ணாச்சி ரவையை நிறுத்துக்கொண்டே, "தூத்துக்குடியில இருந்து அங்கன வெங்காயம் போவுது, முட்டை போவுது, இப்ப ஊசியும் போயிட்டு. உங்க வீட்டம்மா மட்டும் இங்கன வர மாட்டாவளோ சார்?" என்றார். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

பிப்ரவரி 9, செவ்வாய்

எஸ்தருக்கு விடுமுறை இல்லை. மூன்றாவது முறை.

விமானம் இருக்கிறது. இரண்டு நாடும் பேசி, எப்போதோ விட்டாயிற்று. ஆனால் பக்கத்துத் தீவுகளில் விடுதிகள் திறந்துவிட்டன, சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். விடுதி ஊழியர்கள் எல்லாருக்கும் ஊசி போட்டு முடித்தால்தான் அந்த ஊருக்குப் பிழைப்பு. மாற்று நர்ஸ் வந்தால் போகலாம் என்கிறாராம் அங்குள்ள டாக்டர். நல்ல மனிதர். தன் ஊர் எழுந்து நிற்க வேண்டும் என்கிறார். கோபப்படக்கூட ஆள் கிடைக்கவில்லை.

எஸ்தர் போகும்போது ஹெப்சிக்கு ஒன்றேகால் வயது. இப்போது இரண்டரை. வீடியோவில் அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே போனில் சார்ஜ் தீர்ந்து திரை இருண்டது. "அம்மா தூங்கிட்டா" என்றாள் ஹெப்சி. மகள் நினைப்பில் அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

பிறகு எஸ்தர் தனியாகக் கேட்டது: "நேர்ல பாத்தா அவ என்கிட்ட வருவாளா?"

வருவாள் என்றேன். எந்த ஆதாரமும் இல்லாமல்.

பிப்ரவரி 15, திங்கள்

மாற்று நர்ஸ் போய்ச் சேர்ந்துவிட்டார். நாகர்கோவில் பெண். எஸ்தருக்கு ஒரு மாதம் விடுமுறை.

அந்தப் பெண்ணுக்கும் நாலு வயதில் மகன் உண்டாம். இதை எஸ்தர் கடைசியில்தான் சொன்னாள், மெல்ல.

குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றில் குளித்தேன். ஜனவரி வெள்ளத்தின் சேறு படிக்கட்டில் இன்னும் இருக்கிறது. அந்தப் பையனை நினைத்துச் சந்தோஷத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. நல்ல குளிர் தண்ணீர்.

பிப்ரவரி 21, ஞாயிறு

திருவனந்தபுரத்திலிருந்து காரில் வந்தாள். மெலிந்திருக்கிறாள். பரிசோதனையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஏழு நாள் யாரும் தன் பக்கத்தில் வரக்கூடாது என்று அவளே சொல்லிவிட்டாள். வாசல் பக்கம் நாற்காலி, முகக்கவசம். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஹெப்சி என் காலைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பிறகு, வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வதைச் சொன்னாள். "வாங்க. உக்காருங்க."

அத்தை என்னவோ சொல்ல வந்தார். எஸ்தர் தலையை ஆட்டி நிறுத்தினாள். "உக்காந்துட்டேன்மா" என்றாள் ஹெப்சியிடம்.

ஹெப்சி உள்ளே போய் டம்ளரில் தண்ணீர் எடுத்து வந்தாள். பாதித் தண்ணீர் வழியெல்லாம் சிந்தியது. கிட்டப் போகாதே என்று பாட்டி சொல்லியிருந்ததால் நடுவில் தரையில் வைத்துவிட்டுப் பின்வாங்கினாள். எஸ்தர் எடுத்து, கவசத்தை இறக்கி, முழுவதும் குடித்தாள். ஹெப்சி அந்த முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

"இன்னும் வேணுமா?"

"வேணும்."

இப்போது ஐந்தாவது டம்ளர். ஹெப்சிக்கு எட்டட்டும் என்று அத்தை குடத்தைத் தரையில் இறக்கி வைத்திருக்கிறார்.