இன்று பாஸ் உனக்கு

சிபானா,

ஆஸ்பத்திரியில் வாப்பாவின் வாட்டுக்குப் போகும் பாஸ் தேயிலை டின்னுக்கு அடியில் இருக்கிறது. ஒருவரைத்தான் உள்ளே விடுவார்கள். இன்று நீ போ. பன்னிரண்டுக்கு முன்பே கேற்றடியில் நில்.

ஐந்து நாளும் நான்தான் போனேன். வீடியோ கோலில் உனக்கு முகத்தை மட்டும் காட்டினேன். "காலக் காட்டாத மகள், அவள் பயந்துருவாள்" என்றார் வாப்பா. நானும் காலைச் சாரனால் மூடிவிட்டேன். அது என் பிழை. "வாப்பா சிரிச்சிக்கிட்டுத்தானே இரிக்கார், என்னத்துக்கு வெட்டுற?" என்று நேற்று நீ கத்தினாய். அந்தக் காலைக் காணாமல் இருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

சீனி வருத்தத்தில் இரண்டு கால்விரல் கறுத்துவிட்டது. இப்போதே அவற்றை எடுத்தால் கால் தப்பும், பள்ளிக்குத் தொழ நடந்தே போவார் என்கிறார் டொக்டர். நீயும் அவரிடம் கேள். சாரனை விலக்கிப் பார். பிறகு நீ ஒப்பரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் நான் ஒன்றும் கதைக்கமாட்டேன்.

உப்புக் குறைத்த மீன் ஆணம் சிவப்பு மூடிப் பெட்டியில் இருக்கிறது. அதை வாப்பாவுக்குக் கொண்டு போ.

ராத்தா

மறந்துவிட்டேன்: ஸ்கூலில் அரைநாள் லீவு போட்டு, கேற்றுக்கு வெளியே வந்து நிற்பேன். உள்ளே போனதும் கோல் எடு. எனக்கு முகத்தை மட்டும் காட்டிவிடாதே.