சாயத்தில் முக்காத சல்லடை

இன்று காலை தட்டில் வெள்ளை வெள்ளையாகக் கிடந்த ஓடுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் நீலமாக இருந்தது. நனைத்த பிரஷ் நுனியால் அதைத் தொட்டு எடுத்து ஓரமாக வைத்தேன். அதற்குப் பிறகு உட்கார முடியவில்லை. எழுந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி உட்கார்ந்தேன். மைக்ரோஸ்கோப்பில் எதைப் பார்த்தாலும் நீதான் வந்தாய்.

திருவொற்றியூரில் இந்த ஆய்வுக்கூடத்தில் நாம் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். ஆழ்கடலின் அடியில் குழாய் இறக்கி எடுத்த சேற்றைச் சல்லடையில் கழுவுவதுதான் நம் வேலை. கழுவியபின் ரவையை விடச் சின்ன ஓடுகள் மிஞ்சும். எப்போதோ கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள். எந்த இனம் எப்போது தோன்றியது, எப்போது அழிந்தது என்று கூடத்தை நடத்தும் மேடத்துக்குத் தெரியும். அதை வைத்து அந்த அடுக்கின் வயதைச் சொல்வார்.

"எங்க நைனா பொறந்த வருசமே எங்கூட்ல யாருக்கும் தெரியாது. இந்தம்மா லட்ச வருசத்து சேத்துக்கு வயசு சொல்லிகினு கீது" என்று என் காதில் சொல்வாய். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு!

ஒவ்வொரு முறை கழுவிய பிறகும் சல்லடையை நீலச் சாயத்தில் முக்க வேண்டும். பழைய ஓடு ஏதாவது சல்லடைக் கண்ணில் சிக்கியிருந்தால் நீலமாகிவிடும். அடுத்த சேற்றில் விழுந்தாலும் அது வெளியாள் என்று தெரிந்துவிடும். ஒரு நாள் சாயம் தீர்ந்திருந்தது. மேடத்தின் அறையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள் நான். அத்தனை பேருக்கு நடுவே போய்க் கேட்க வாய் வரவில்லை. நீ பார்த்துக்கொண்டிருக்க, வெறும் தண்ணீரில் அலசிவிட்டு அடுத்த சேற்றைக் கொட்டினேன்.

பழைய அடுக்கில் பிற்காலத்து ஓடு ஒன்று வந்தது. நீலமில்லை. மேடம் அதை நம்பி வயதைக் குறைத்து எழுதினார். மற்ற அடுக்குகளோடு ஒத்துவராதபோதுதான், "சல்லடைய யாரு முக்கல?" என்று கேட்டார்.

நான் குனிந்து ஓடு பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"நான்தான் மேடம், மறந்துட்டேன்" என்றாய் நீ. அன்றோடு உன்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

வீட்டுக்குப் போகும் எர்ணாவூர் பஸ்ஸில் நான் அழுதேன். "இன்னாடி பேஜாரு பண்ற? நீ வாயத் தொறந்து சொல்லி முடிக்கிறதுக்குள்ள கடலே வத்திப் பூடும். எனக்கு வேற வேல கெடைக்கும், ஊமைக்கோட்டான்" என்றாய். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. அதுவரை தினமும், நாளைக்கு மேடத்திடம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குப் பிறகும் அப்படியேதான்.

இன்று மதியம் புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்தாள். தொட்டியருகே நின்று மேடம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்: "முன்னாடி ஒரு பொண்ணு இருந்துச்சு. பொறுப்பே கிடையாது. சாயத்துல முக்காம விட்டு எல்லாத்தையும் பாழாக்கிடுச்சு. நீ அந்த மாதிரி இருக்காத."

இனி வருகிறவர்களிடமெல்லாம் உன்னைப் பற்றி இதைத்தான் சொல்வார். உண்மையைச் சொன்னால் எனக்கும் வேலை போகலாம். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் போனேன்.

"மேடம், அது அவ இல்ல. நான்."

தண்ணீர்ச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. குழாயை மூடிவிட்டு, இன்னொரு முறை சொன்னேன்.